கால் மில்லிமீட்டர் வலம்புரி

டர்போசார்ஜருக்கான ஒரு உதிரிபாகம் வந்து சேராததால் எங்கள் கப்பல் துருக்கியின் மெர்சின் துறைமுகத்தில் 19 நாள் கட்டிக்கிடந்தது. இன்று வரும், நாளை வரும் என்று ஏஜென்ட் தினமும் காலையில் வந்து சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். நான் அந்தக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். செய்ய வேண்டிய பராமரிப்பை எல்லாம் முதல் வாரத்திலேயே செய்து முடித்துவிட்டோம். பிறகு கரைக்குப் போக அனுமதி கிடைத்தது.

எனக்கு ஊர் தூத்துக்குடி. சங்கும் சிப்பியும் காலில் இடறும் ஊரில் வளர்ந்தவனுக்குக் கடற்கரையில் நிமிர்ந்து நடக்கத் தெரியாது. மெர்சினிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் கிஸ்கலேசி என்ற மணற்கரை இருக்கிறது; கரையில் ஒரு கோட்டை, கடலுக்குள் ஒரு கோட்டை. எல்லோரும் கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் குனிந்தபடி அலை ஒதுக்கிய பொடிச் சிப்பி வரியைப் பார்த்துக்கொண்டு போனேன். கப்பலிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளரால் இரண்டு டம்ளர் பொடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். இந்தப் பதிவு அந்த இரண்டு டம்ளரைப் பற்றியது.

பெரிய சிப்பிகளே முதலில் என்னைக் குழப்பின. மத்தியதரைக் கடல் கரையில் நின்றுகொண்டிருக்கிறேன். காலடியில் கிடப்பதோ முத்துச்சிப்பி. மன்னார் வளைகுடாச் சிப்பியின் நெருங்கிய உறவான பிங்க்டாடா ரேடியாட்டா. சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறந்தது. 1874-இலேயே இந்தச் சிப்பியை அலெக்சாந்திரியாவில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்தே ஆண்டு. பக்கத்தில் தடித்த உதடுள்ள கோனோமியூரெக்ஸ் பெர்சிகஸ் என்ற நத்தையின் ஓடுகள் குவியலாகக் கிடந்தன. இதன் பிறந்த இடம் பாரசீக வளைகுடாவும் ஓமான் பக்கமும். எண்ணெய்க் கப்பல்களின் பாலஸ்ட் தண்ணீரில் (சரக்கில்லாதபோது சமநிலைக்காக ஏற்றும் கடல்நீர்) வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். மாலையில் மீன் சந்தைக்குப் போனால் அங்கே ஓரா மீன் கூறு போட்டு வைத்திருந்தார்கள். துருக்கியில் அதற்கு சோகார் என்று பெயர். நான் "ஓரா" என்றேன், கடைக்காரர் "சோகார்" என்றார். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். அதுவும் கால்வாய் வழியாக வந்ததுதான்.

இனி பொடிக்கு வருகிறேன்.

நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கினேன். வெயிலில் காய வைக்காமல் நிழலில் துணியில் பரப்பினேன். சூடேறினால் மெல்லிய ஓடுகளில் விரிசல் விழுந்துவிடும். சலிப்பதற்கு முறையான சல்லடை கிடையாது. பண்டாரியிடம் (கப்பல் பேச்சில் சமையல்காரருக்கு அதுதான் பெயர்) மாவு சலிக்கும் சல்லடையையும் தேநீர் வடிகட்டியையும் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சல்லடையைத் தந்தார், வடிகட்டிக்கு மட்டும், "திருப்பித் தரவேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மாவுச் சல்லடையில் தங்கியது வேண்டாம். அதில் இறங்கி வடிகட்டியில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. வடிகட்டியின் கண் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் நின்றதை ஒரு தேக்கரண்டி வீதம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிய தகட்டில் கொட்டி, தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். எடுப்பதற்கு இடுக்கியைத் தொடவே கூடாது. இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை இடுக்கியால் பிடித்தால் அது தெறித்துப் போகும் இடம் கடவுளுக்கே தெரியாது. ஓவியத் தூரிகை ஒன்றின் மயிரையெல்லாம் வெட்டிவிட்டு நான்கைந்து மட்டும் விட்டு வைத்தேன். நுனியைத் தண்ணீரில் தொட்டு ஓட்டைத் தொட்டால் தானாக ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு தேக்கரண்டிக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெரும்பாலானவை பிட்டியம், கரடுமுரடாக மணி கோத்தது போன்ற சிறு கூம்புகள். பிறகு அரிசி நொய் போன்ற ரிஸ்ஸோவாக்கள். மூன்றாம் தேக்கரண்டியில் வேறு மாதிரி ஒன்று வந்தது: ஒல்லியான வெள்ளைக் கூம்பு, வெர்னியரில் நீளம் 4.6 மில்லிமீட்டர், அகலம் 1.2. சுற்றுக்கு மூன்று என்று எடுப்பான வரம்புகள் ஓட்டைச் சுற்றி ஓடின. திருகாணியின் மரை போல அவ்வளவு சீராக இருந்ததால் இன்ஜினியர் கண்ணுக்கு அது உடனே பட்டது.

நான் உடனே ஒரு பெயர் வைத்துவிட்டேன். மத்தியதரைக் கடலின் சொந்த நத்தைகளில் துர்ரிட்டெல்லினெல்லா டிரைகாரினாட்டா என்று ஒன்று உண்டு. பெயரின் பொருளே மூன்று வரம்புள்ளது என்பதுதான். அது சேற்றுத் தரையில் வாழ்வது, பல சென்டிமீட்டர் வளர்வது. இது அதன் குட்டி என்று முடிவு கட்டி, துண்டுச் சீட்டில் பெயரையும் எழுதி, தூங்கப் போய்விட்டேன். பெயரின் பொருளை வைத்து உயிரை அடையாளம் கண்டால் இப்படித்தான் ஆகும்.

மறுநாள் காலையில் உறுத்தியது ஒன்றுதான். துர்ரிட்டெல்லாக் குட்டிக்குச் சுற்றுகள் சற்றே உப்பியிருக்க வேண்டும். நிறமும் பழுப்புப் பக்கம் சாயும். இது பால் வெள்ளை, பக்கங்கள் ஏறக்குறைய நேர்கோடு. வரம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் நெடுக்காக மெல்லிய இழைகள் வேறு தெரிந்தன. நுனியைப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஆனால் நுனியில் அழுக்கு அப்பியிருந்தது.

இங்கேதான் முதல் தவறு. இயந்திர அறையில் வடிகட்டிகளைச் சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் தொட்டி ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கரியை நிமிடத்தில் உதிர்க்கும். சிறு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஓட்டைப் போட்டு, பாட்டிலைத் தொட்டியில் நிறுத்தி ஓட விட்டேன். நாற்பது விநாடி. எடுத்துப் பார்த்தால் அழுக்கு போயிருந்தது. நுனியும் போயிருந்தது. பாட்டில் தண்ணீரைத் துணியில் வடித்து, துணியை அரை மணி நேரம் துழாவினேன்; கிடைக்கவில்லை. ஓடுகளைச் சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக்கைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓரிரு விநாடி விட்டு நிறுத்துவார்கள், தொட்டியும் கைக்கு அடங்கியதாக இருக்கும். நம்முடையது கப்பல் வடிகட்டிக்கானது.

என்னுடைய வாட்டத்தைப் பார்த்து ஃபிட்டர் அருகில் வந்தார். கன்னியாகுமரிப் பக்கம், கடற்கரைக் கிராமத்துக்காரர். "அடுத்ததை ஆசிடில் போடுவோமா சார்? கண்டென்சர் குழாய்க்கு ஊற்றுகிற மருந்து இருக்கிறதே" என்றார். நல்ல மனிதர், ஆனால் நான் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. கண்டென்சர் குழாயில் படிகிற சுண்ணாம்பும் நத்தையின் ஓடும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். அந்த மருந்தில் போட்டால் அழுக்கு நின்று நத்தை கரைந்துபோகும். வினிகரும் அப்படியே. கடைசியில் சரிப்பட்டது குளியலறையில் இருந்த சாதாரண ப்ளீச்: பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசல். உயிர்ப்பொருள் அழுக்கு போய்விடும், ஓடு அப்படியே நிற்கும்.

ஆனால் எதைக் கழுவுவது? இருந்த ஒன்றையும் உடைத்தாகிவிட்டது. மீதிப் பொடியில் தேட இன்னும் நான்கு மாலைகள் ஆயின. முதல் டம்ளரில் மேற்கொண்டு ஒன்றும் இல்லை. இரண்டாம் டம்ளரில் மூன்று கிடைத்தன. ஒன்றுக்கு வாய் உடைந்திருந்தது, ஒன்றை வேறு நத்தை துளைத்ததோ என்னவோ நடுவில் ஒரு துளை, மூன்றாவது முழுசு.

பார்க்கும் கருவி 'பத்தி சாப்' வசம் இருந்தது. மின் அதிகாரியைக் கப்பலில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மின்னணு அட்டைகளில் சால்டர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மலிவான யூஎஸ்பி நுண்ணோக்கி ஒன்று வைத்திருந்தார். குறைந்த பெருக்கத்தில் அருமையாகத் தெரிந்தது. பெருக்கத்தைக் கூட்டியதும் படம் நடுங்கத் தொடங்கியது. துறைமுகத்தில் நின்றாலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மேசைக்கு ஏறும் அதிர்வு நம் கைக்குத் தெரியாது, நுண்ணோக்கிக்குத் தெரிந்துவிடும். கம்பளியை மடித்துப் போட்டுப் பார்த்தேன், ரப்பர் ஷீட் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பண்டாரியின் பேக்கிங் தட்டில் மணலை நிரப்பி அதன்மேல் நுண்ணோக்கியை உட்கார வைத்ததும் படம் நின்றது. அது சலித்துக் கழித்த அதே கிஸ்கலேசி மணல்.

நத்தை ஓட்டை அசையாமல் நிறுத்த ஒரு சிட்டிகை வாசலின் போதும். அளவுகோல்? வெர்னியரை நுண்ணோக்கிக்கு அடியில் வைக்க முடியாது. வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜிலிருந்து 0.30 மில்லிமீட்டர் தகட்டை உருவி, அதன் விளிம்பு மேலே தெரியும்படி பக்கத்தில் நட்டேன். தகட்டின் கனமே அளவுகோல். நுனியின் விட்டம் தகட்டின் கனத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த நுனியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடு பெரிய ஓட்டின் உச்சியில் அப்படியே தங்கியிருக்கும். வீட்டின் அடிக்கல் உச்சியில் இருக்கிற மாதிரி. துர்ரிட்டெல்லாவுக்கு அந்தக் குஞ்சு ஓடும் பெரிய ஓடும் ஒரே அச்சில், ஒரே திசையில் சுழலும். நான் பார்த்ததோ வேறு. உச்சியில் சின்ன உருண்டை ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது. ஆணியின் தலையை வளைத்துவிட்டது போல. அதிலுள்ள சுருள், கீழேயுள்ள சுருளுக்கு எதிர்த்திசையில் போயிற்று.

இது பிரமிடெல்லிடே என்ற குடும்பத்தின் முத்திரை. வேறு சில குடும்பங்களிலும் குஞ்சு ஓடு புரண்டிருக்கும். ஆனால் இந்த அளவு, இந்த ஒல்லி உடல், இந்த வரம்பு ஆகியவற்றோடு சேர்ந்தால் கதவு இந்தக் குடும்பத்தில்தான் திறக்கும். இந்தக் குடும்பத்து நத்தைகள் ஒட்டுண்ணிகள். மற்ற நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அரம் போன்ற நாக்கு உண்டு. இவற்றுக்கு அது கிடையாது. அதற்குப் பதில் ஓர் ஊசி, பின்னால் ஒரு பம்ப், இரண்டையும் தாங்கி நீளும் ஒரு குழாய். சிப்பியின் விளிம்பிலோ குழாய்ப் புழுவின் மேலோ வேறு நத்தையின் மேலோ ஊசியை இறக்கி, உடல் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். இந்த அமைப்பைப் பிரித்துப் பார்த்துத் தெளிவாக எழுதியவர்கள் வெரா ஃப்ரெட்டர், அலஸ்டர் கிரஹாம் இருவரும், 1949-இல். தொழில் பார்வையில் சொன்னால் மிகச் சிக்கனமான உறிஞ்சு பம்ப். இத்தனை சின்ன அளவில் இதைச் செய்யச் சொன்னால் எங்கள் கம்பெனி உதிரிபாகத்துக்கு இன்னும் 19 நாள் கேட்கும்.

புத்தகப் படங்களோடு ஒப்பிட்டதில் சிங்குலினா இஸ்ஸெலி என்ற செங்கடல் நத்தை பொருந்தியது. ட்ரையன் என்ற சங்கு சிப்பி ஆய்வாளர் 1886-இல் வைத்த பெயர். அர்டூரோ இஸ்ஸெல் என்ற இத்தாலியரை நினைவூட்டுவது. இஸ்ஸெல் செங்கடலின் சங்கு சிப்பிகளைப் பற்றிய நூலை வெளியிட்ட ஆண்டு 1869. கால்வாய் திறந்த அதே ஆண்டு. தான் எழுதிய உயிர்கள் அப்போதே மூட்டை கட்டிக்கொண்டிருந்தன என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு வாயின் உள்ளே, நடுத்தூணில், ஒரு பல் இருக்கும். திருகாணியின் மரை உள்ளே ஓடுவது போல. நான் எத்தனை கோணத்தில் விளக்கைச் சாய்த்தும் பல் தெரியவில்லை. இத்தாலியில் இந்தப் பொடி நத்தைகளையே பல வருடங்களாகப் பார்த்துவரும் பெரியவர் ஒருவருக்குப் படங்களோடு மின்னஞ்சல் எழுதினேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பல்கலைக்கழகத்துக்காரர் அல்ல. ஐரோப்பாவில் இந்தத் துறையைத் தாங்குகிறவர்களில் பாதிப்பேர் இப்படி வீட்டு மேசையில் வேலை செய்கிறவர்கள்தான்.

படங்களில் நுனி சரியாக விழவில்லை என்பதால் அதை எழுத்தில் விவரித்திருந்தேன். அங்கே இரண்டாம் தவறு. அவசரத்தில் மனம் தமிழில் ஓடியது. "குஞ்சு ஓடு வலம்புரி, பெரிய ஓடு இடம்புரி" என்று மனத்தில் நினைத்து, அதை அப்படியே வலச்சுழி, இடச்சுழி என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பதில் இரண்டு வரியில் வந்தது. பெரிய ஓடு இடச்சுழி என்றால் இது ட்ரைஃபோரிடே குடும்பம். படத்தில் அப்படித் தெரியவில்லையே, கண்ணாடியில் புரட்டிய படமா?

விழுந்து விழுந்து சிரித்தேன், தனியாக. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சங்கு இடம்புரி. அபூர்வமாகக் கிடைத்து, பட்டுத் துணியில் சுற்றி வைக்கப்படுவது வலம்புரி. விலங்கியல்காரர்கள் சுருள் உச்சியை மேலே வைத்து வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள்; வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுழி. அதே சங்கைச் சுருள் உச்சி கீழே வரும்படி பிடித்துப் பாருங்கள், வாய் இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே நம்முடைய இடம்புரி அவர்களுடைய வலச்சுழி. நம்முடைய வலம்புரி அவர்களுடைய இடச்சுழி. சங்குக் குளிகாரர் பரம்பரையும் விலங்கியல் பரம்பரையும் ஒரே பொருளை இரு முனையிலிருந்து பார்த்திருக்கின்றன, அவ்வளவுதான். தமிழில் இதை எழுதும்போது எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

நம் கணக்கில் சொன்னால் என் கையிலிருந்தது வலம்புரியாகப் பிறந்து இடம்புரியாக வளர்ந்த நத்தை. ஃபிட்டரிடம் இதைச் சொன்னதும் முதல்முறையாக ஆர்வமாக நுண்ணோக்கியில் குனிந்தார். "வலம்புரி என்றால் விலை உண்டே சார்?" என்று கேட்டார். கால் மில்லிமீட்டர் என்றேன். நிமிர்ந்துவிட்டார்.

பெரியவருக்குத் திருத்தி எழுதி, நுனியை மூன்று கோணத்தில் படம் பிடித்து அனுப்பினேன். அவர் கேட்ட கோணங்கள் இவை: உச்சியிலிருந்து நேர் கீழாக ஒன்று; அச்சுக்குச் செங்குத்தாகப் பக்கத்திலிருந்து ஒன்று; அதிலிருந்து கால்வட்டம் திருப்பி இன்னொன்று. சாய்வு எத்தனை பாகை என்பது கோணம் தப்பினால் தப்பாகத்தான் தெரியும். பல்லைப் பற்றிச் சொன்னார்: இந்தப் பேரினத்தில் பல் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம், வரம்பை எண்ணுங்கள், பள்ளத்து இழையைப் பாருங்கள், நுனியைப் பாருங்கள். சிங்குலினா இஸ்ஸெலிதான் என்று உறுதி செய்தார். கூடவே, இது துருக்கியின் தெற்குக் கரையில் ஏற்கெனவே பதிவாகியிருப்பது, இஸ்ரேல் கரையிலும் உண்டு என்றும் எழுதினார். கொஞ்சம் சப்பென்று ஆயிற்று என்பதை மறைப்பானேன்.

கடிதத்தின் கடைசி வரி ஒரு கேள்வி: உயிரோடு பார்த்தீர்களா?

வெற்று ஓடு ஒரு சாட்சிதான். ஆனால் பலவீனமான சாட்சி. நீரோட்டத்தில் வந்திருக்கலாம், மீனின் வயிற்றில் வந்திருக்கலாம், மீன் வலையை உதறிய இடத்தில் விழுந்திருக்கலாம். இறந்து எத்தனை வருடம் ஆயிற்று என்றும் ஓடு சொல்லாது. அந்நிய உயிர் ஒன்று அந்த இடத்தில் வாழ்கிறது என்று எழுத வேண்டுமானால் அதன் உடலைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடி டோல்முஷ் ஏறினேன். (மினிபஸ்ஸுக்கு அங்கே அந்தப் பெயர். நிரம்பினால்தான் புறப்படும், நம் ஊர் ஷேர் ஆட்டோ ஞாபகம்.) மார்பளவு தண்ணீரில் நின்று, முகமூடிக் கண்ணாடியோடு குனிந்து, மணலின் மேல் இரண்டு விரல் கனத்தை மட்டும் வழித்து ஊறுகாய் பாட்டிலில் நிரப்பினேன். ஆழமாகத் தோண்டினால் கறுத்த மணல்தான் வரும். இவை மேல் தட்டில்தான் இருக்கும்.

அறையில் முறை இதுதான். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அது மூழ்கி மேலே மூன்று விரல் நிற்கும் அளவுக்கு அதே கடல் தண்ணீரை ஊற்ற வேண்டும். காற்றுக் குழாய் போடக் கூடாது. மீன் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். மணலுக்குள் பிராணவாயு குறையக் குறைய உள்ளேயிருப்பவை மூச்சுக்காகக் கண்ணாடிச் சுவரில் ஏறித் தண்ணீர் விளிம்புக்கு வரும். தேடுவது நாமல்ல, அவையே வந்து வரிசையில் நிற்கும். முதல் ஆறு மணி நேரத்தில் புழுக்களும் பொடி இறால் இனங்களும் வந்தன. நள்ளிரவு வாட்ச் முடிந்து வந்து டார்ச் அடித்தபோது பிட்டியங்கள் ஏழெட்டு ஏறியிருந்தன. விடிகாலை நான்கு மணிக்கு, விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே, வெள்ளையாக ஒரு கோடு.

கண்ணாடியோடு கண்ணாடியாக நுண்ணோக்கியை வைத்தேன். பனிக்கட்டி போன்ற உடல். உள்ளுறுப்பின் மஞ்சள் மட்டும் ஓட்டின் வழியே மங்கலாகத் தெரிந்தது. முயல் காதை நீளவாக்கில் மடித்தது போல இரண்டு உணர்கொம்புகள். அவற்றின் அடியில் உட்பக்கமாக, நெருங்கிய இரண்டு கரும்புள்ளிக் கண்கள். முன்னால் மேலுதடு போல நீண்ட மடல் ஒன்று. அது கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தது. பாதத்தின் பின்புறம் மெல்லிய மூடி. ஓட்டைத் தூக்கமுடியாமல் தூக்கி ஓர் அங்குலம் போக இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. நான் சிறு தூரிகையால் தொட்டதும் கொம்பு, மடல், பாதம் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய் மூடி விழுந்தது.

உண்பதைப் பார்க்க ஆசை. கரைப் பாறையிலிருந்து கொண்டுவந்த பொடிச் சிப்பிகளையும் குழாய்ப் புழு ஒட்டிய கல்லையும் பாத்திரத்தில் வைத்து இரண்டு நாள் காவல் காத்தேன். அது எதையும் சீண்டவில்லை. உறிஞ்சு குழாயைக் கண்ணால் காணும் பாக்கியம் வாய்க்கவில்லை. ஆனாலும் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது என்றால், அது குடிக்கிற உயிரும் பக்கத்தில் எங்கோ மணலில் இருக்கிறது. விருந்தாளி வந்திருக்கிறார் என்றால் சமையல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கப்பல்காரன் என்பதால் எல்லோரும் கேட்பது பாலஸ்ட் தண்ணீரைப் பற்றித்தான். பாலஸ்ட் நீர் ஒப்பந்தம் 2004-இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் தண்ணீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிரிகள் கன மீட்டருக்குப் பத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அளவு. எங்கள் கப்பலில் அதற்கான வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது என் வேலைகளில் ஒன்று. எனவே அது எவ்வளவு நம்பகமானது என்று எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் சிங்குலினா விஷயத்தில் கப்பலைக் குற்றம் சொல்ல அவசியமே இல்லை. செங்கடலில் வாழும் நத்தைக்கு 193 கிலோமீட்டர் வாய்க்கால் திறந்தே கிடக்கிறது. தொடக்கத்தில் பிட்டர் ஏரிகளின் அடியில் இருந்த உப்புப் பாளம் ஒரு தடையாக இருந்தது. அது கரைந்து போயிற்று. நைல் நதியின் வெள்ளம் கிழக்குக் கரையோரம் நன்னீரைப் பரப்பி இன்னொரு வேலி போட்டிருந்தது. அஸ்வான் பேரணைக்குப் பிறகு அதுவும் போயிற்று. கடலும் சூடேறிவருகிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இஸ்ரேல் கரையில் ஆழம் குறைந்த மணலில் முன்பு இருந்த சொந்தச் சங்கு சிப்பி இனங்களில் 12 சதவீதமே இன்னும் காணக்கிடைப்பதாகச் சொன்னது. பாறைகளில் 5 சதவீதம். என் இரண்டு டம்ளர் பொடியில் சொந்தக்காரர்கள் யார், வந்தவர்கள் யார் என்று பிரிக்க உட்கார்ந்தபோது அந்த எண்கள் நினைவில் இருந்தன.

உயிர் நத்தையை என்ன செய்வது என்று குழம்பினேன். கடலில் திரும்ப விட மனம் வரவில்லை. கப்பலில் நாடு கடத்தவும் கூடாது. கடல் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவரை டோல்முஷ்ஷில் சந்தித்திருந்தேன். என் மடியிலிருந்த மணல் பாட்டிலைப் பார்த்து அவராகவே பேச்சுக் கொடுத்தார். அவரிடம் ஒப்படைத்தேன். எத்தில் ஆல்கஹாலில் போட்டுக்கொண்டார். ஃபார்மலினில் போட்டால் அதிலுள்ள அமிலம் ஓட்டை அரித்துவிடும், மரபணுவும் பிறகு உதவாது என்றார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்தார். இடம், தேதி, ஆழம், மணலா பாறையா, உயிரோடா வெற்று ஓடா, எடுத்தவர் யார். இனத்தின் பெயரைக் கடைசியாகத்தான் பார்த்தார். பெயர் தவறாக இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம், இடத்தையும் தேதியையும் யாரும் பிறகு கண்டுபிடிக்க முடியாது என்றார். என் முதல் துண்டுச் சீட்டில் பெயர் மட்டுமே இருந்தது நினைவுக்கு வந்தது.

இருபதாம் நாள் உதிரிபாகம் வந்தது. இரண்டு நாளில் பொருத்திப் புறப்பட்டோம், தெற்கே, சூயஸ் வழியாக. கிரேட் பிட்டர் ஏரியில் எதிரே வரும் கான்வாய் (கப்பல் வரிசை) கடந்துபோவதற்காக நங்கூரமிட்டு நின்றபோது, கடல்நீர் வடிகட்டியில் அழுத்தம் ஏறியிருந்ததால் மாற்று வடிகட்டிக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் திறக்கச் சொன்னேன். வழக்கமாக அதில் சிக்கும் குப்பையை வாளியில் கொட்டித் தூர எறிவோம். பாசி, ஜெல்லி மீன் கூழ், உடைந்த சிப்பி, மணல். ஃபிட்டர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்.

"சார், இதைச் சலிக்கலாமா?"

தேநீர் வடிகட்டி என் அறையில் இருக்கிறது என்றேன். மாவுச் சல்லடையைக் கேட்க பண்டாரியிடம் இந்த முறை அவரே போனார்.